நாற்பதுக்கு ஒன்று குறைவு

காலை ஆறு மணிக்குக் கட்டிலின் தலைமாட்டுத் திரையில் அன்றைய எண் வரும். லிங்கதுரையின் சொந்த ஈரல் நூற்றுக்கு எவ்வளவு தேறியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண். பத்தொன்பது, இருபத்தெட்டு என்று அது ஏறியபோதெல்லாம் கும்பிட்ட அவன் மனைவி சுயம்புக்கனி, இன்று ஏறிவிடக் கூடாதே என்று கும்பிட்டாள்.

முப்பத்தொன்பது.

நாற்பதானால் ஈரல்மணிகளை எடுத்துவிடுவார்கள். வெள்ளத்துக்குப் பின் வந்த காமாலையில் ஒரே வாரத்தில் அவன் ஈரல் செயலிழந்தபோது, வயிற்றுக்குள் செலுத்திய கடுகளவு ஜெல் உருண்டைகள் அவை. ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ தானம் கொடுத்த ஈரல் செல்கள். தானம் அரிதாகிவிட்டதால் மணிகள் உடல்விட்டு உடல் போகின்றன. அவனுக்கு முன் ஆறு பேரைத் தாங்கியவை.

நாற்பதுக்கு முன்பே வீட்டார் மனமுவந்து கொடுக்கலாம். ஆனால் யாரும் அவர்களிடம் கேட்கக் கூடாது. கேட்டால் காத்திருப்போர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள்.

அந்தப் பட்டியலில் அடுத்து இருக்கும் நான்காம் கட்டில் சிறுமியின் தகப்பன் கிளாரன்ஸ் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, மாப்ள கஞ்சி குடிச்சாரா?"

"ரெண்டு கரண்டி. இன்னும் மயக்கமாத்தான் கெடக்காவ. பாப்பா?"

"நேத்துலேருந்து கண்ணு முழிக்கல." மேலிருந்த கேமராவைப் பார்த்தார். "கடல்ல சூரை நல்லா படுதாம்."

"மீன் கதை சொல்லவா அண்ணாச்சி வந்திய?"

"வேற என்னத்தப் பேச? மழையப் பத்தி நேத்தே பேசி முடிச்சாச்சே." சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியது. போய்விட்டார்.

ஊசி மாற்ற வந்த நர்ஸ் ஹமீதாவின் கையைச் சுயம்புக்கனி பிடித்துக்கொண்டாள்.

"முப்பத்தொம்பதுல எடுத்தா இவுக தாங்குவாகளா?"

"பத்துக்கு ஒம்பது பேரு தாங்கியிருக்காங்கக்கா."

"அந்தப் பத்தாவது ஆளு?"

ஹமீதா ஊசிமேல் பிளாஸ்திரியை ஒட்டினாள்.

"நாளைக்குத் தானா நாப்பது ஆயிரும்லா? அதுவரைக்கும் அந்தப் பிள்ளை…"

"அதை நான் சொல்லக் கூடாது."

அதுவே பதிலாக இருந்தது. சுயம்புக்கனி கணவனின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சம்மதப் பலகையைக் கொண்டுவரச் சொல்லி, கட்டைவிரலை வைத்தாள்.

"விதிப்படி நான் கேக்கணும்க்கா. உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

"ஒருத்தரும் கேக்கல." கட்டைவிரலைச் சேலையில் துடைத்தாள். "கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

அரை மணி நேரத்தில், கலங்கிய நீரோடு மணிகள் குழாய்வழி இறங்கி ஒரு குப்பியில் நிரம்பின. குப்பியை ஹமீதா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். சுயம்புக்கனி நாற்காலியைத் திரைக்கு முதுகாகத் திருப்பிப் போட்டு, கணவனின் விரல்களைப் பற்றினாள். ஜில்லென்றிருந்தது. தன் கையா அவன் கையா என்று தெரியாமல், இறுகப் பற்றியபடியே இருந்தாள்.