மைனஸ் எண்பதில் ஒரு துரோகம்

போன் அலறியது!

கொரியாவின் அறுவடைத் திருநாளான சூசொக் பண்டிகைக் காலை. படையலுக்கு அரிசிக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்த டாக்டர் ஹேரன் மாவுக் கையோடு எடுத்தாள்.

"டாக்டர்... ஆய்வுக்கூட வாட்ச்மேன் பேசறேன். உங்க ஃப்ரீஸர்லருந்து தண்ணி ஒழுகுது!"

மாவுக் கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள்.

இருபதாவது நிமிடம் தேஜான் நகர ஆய்வுக்கூடத்தில் மூச்சிரைக்க நின்றாள். மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீஸரின் ப்ளக்கை யாரோ பிடுங்கியிருந்தார்கள்.

உள்ளே நாற்பது குப்பிகள்... பதினெட்டு வருட உழைப்பு! மரபணுவை வெட்டி ஒட்டி அவள் உருவாக்கிய வைரஸ். நல்ல செல்லைத் தொடாது. புற்றுநோய்ச் செல்லை விடாது. திங்கட்கிழமை முதல் ஊசி. மூளையில் கட்டியோடு ஒரு பள்ளி ஆசிரியை காத்திருக்கிறாள்.

"எல்லாம் போச்சு மேடம்!"

சுவரில் சாய்ந்து குமுறினான் க்யூத்தே. பதினொரு வருடமாக அவளுக்கு வலது கை.

"எப்ப புடுங்கியிருப்பாங்க?" வாட்ச்மேன் வரவழைத்திருந்த இன்ஸ்பெக்டர் போங் கேட்டார்.

"மூணு மணி நேரம் இருக்கும் சார்" என்றான் க்யூத்தே. "கேமராவையும் அணைச்சுட்டான், படுபாவி!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு குப்பித் தட்டைத் தூக்கினான். "இதைக் கொதிக்க வெச்சு அழிச்சுடறேன் மேடம். நீங்க பார்த்தா தாங்க மாட்டீங்க."

அழுதுகொண்டிருந்த ஹேரன் சட்டென்று நிமிர்ந்தாள்.

"தட்டைக் கீழ வை."

"மேடம்...?"

"வைடா!"

வைத்தான்.

"மூணு மணி நேரத்துல என் வைரஸ் மொத்தமா செத்துடுமா? ஒரு சொட்டு பொழச்சிருந்தாலும் மறுபடி வளர்த்துடலாம். உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்! அப்புறம் எதுக்கு அழிக்கத் துடிக்கறே?"

க்யூத்தேயின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"இன்ஸ்பெக்டர், இந்தக் குப்பிகள்ல இருக்கறது வெறும் தண்ணி. சரக்கு கை மாறிடுச்சு!"

க்யூத்தே வெடித்தான். "ஆமா, மாத்தினேன்! பதினோரு வருஷம் மாடா உழைச்சேன். உங்க கட்டுரையில என் பேரு எத்தனாவது? ஒன்பதாவது! இதை வாங்கற கம்பெனியில இனி நான்தான் தலைமை விஞ்ஞானி!"

"கூடப் பொறந்தவன் மாதிரி நெனச்சேனேடா, பாவி..."

அப்போது அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. போங் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி! காலையிலருந்து ஹைவேயில மாட்டிக்கிட்டேன். ஊரே பண்டிகைக்குக் கெளம்பிடுச்சு, கார் ஒரு அடி நகரல. பெட்டியில டிரை ஐஸ் கரையுது. வாங்கறவன் சியோல்ல காத்துக் கெடக்கான். என்ன பண்ணட்டும்?"

ஹேரனின் காலடியில் தரை நழுவியது.

இருபத்தாறு வருடமாக அவள் வீட்டில் ஒலித்த குரல்... அவள் கணவன் ஜேமுன்! 'அம்மா கல்லறைக்குப் போய்க் கும்பிட்டுட்டு வர்றேன்' என்று விடியற்காலையில் சிரித்துக்கொண்டே கிளம்பியவன்!

போனை வாங்கினாள்.

"ஐஸ் இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ஒரு மணி நேரம்... ஐயோ! ஹே... ஹேரன்?"

"நானேதான். பெட்டியைத் தொறக்காதே. ஏசியைக் கூட்டி வை. போலீஸ் மோட்டார் சைக்கிள்ல புது ஐஸ் வருது."

"என்னை மன்னிச்சுட்டியா ஹேரன்?"

"ஐஸ் என் வைரஸுக்கு... கைவிலங்குதான் உனக்கு!"