உளவுத்துறையில் ஒரு கிளி

உலகத்தின் தலைசிறந்த உளவாளிகள் மொத்தம் மூன்று பேர். முதல் இருவர் யாரென்று யாருக்குமே தெரியாது. மூன்றாமவன் ஆறாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படிக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். போகிற இடமெல்லாம் அவனே சொல்லிவிட்டான். அதனால் வீட்டிலும் அவனுக்கு ‘உளவு’ என்றே பெயர்.

அன்று மதியம் உளவுக்கு ஒரு பணி வந்தது. கொடுத்தது அம்மா.

அவன் தங்கை சில்வண்டுக்கு முந்தின நாள் கண்ணில் சின்னதாக ஓர் ஆபரேஷன். இரண்டு கண்களையும் சேர்த்து வெள்ளைக் கட்டு. மாலை ஐந்து மணிக்கு டாக்டர் பிரிப்பார். “அதுவரைக்கும் அழவே கூடாது. கட்டு நனைஞ்சா இன்னும் ஒரு வாரம் இப்படியேதான்” என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சில்வண்டுக்கு வயது ஐந்து. ஒரு நாளைக்குச் சராசரியாக நான்கு முறை அழுவாள்.

“அந்தக் கிளிக் கதையைச் சொல்லுடா அவளுக்கு” என்றாள் அம்மா. முன்னறையில் பள்ளிச் சீருடைகள் மலையாகக் குவிந்திருந்தன. நாலு மணிக்குள் தைத்து முடித்தாக வேண்டும்.

“அரக்கனோட உயிர் கிளிக்குள்ள இருக்குமே, அதுவா? உயிரைக் கொண்டுபோய் யாராவது கிளிக்குள்ள வைப்பாங்களா? பால் குடிக்கிற பாப்பாதான்மா அதை நம்பும்.”

“நீ நம்பாட்டிப் போ. சொன்னாப் போதும்.”

தையல் மெஷின் கடகடக்கத் தொடங்கியது. உளவு கட்டில் அருகே உட்கார்ந்தான்.

“கேளு சில்வண்டு. இது புதுக் கதை. அரக்கன் ஒரு கடத்தல் கும்பல் தலைவன். இளவரசன் ஓர் உளவாளி. ஏழு கடலையும் நீர்மூழ்கிக் கப்பல்ல தாண்டுறான்.”

“குதிரை?”

“குதிரைக்கு நீச்சல் தெரியாது.”

“அப்ப அது கரையிலேயே நிக்குமா? பாவம்ணா.”

உளவு பெருமூச்சு விட்டான். “சரி, குதிரையும் கப்பல்ல ஏறிக்குது. அடுத்து ஏழு மலை. அதுக்கு ரயில். சத்தம் கேட்குதா?”

சில்வண்டு முன்னறைப் பக்கம் தலையைத் திருப்பினாள். கடகட, கடகட.

“ஆமாண்ணா, ரயில்!” அவள் உட்கார்ந்தபடியே ஆடினாள். கட்டிலும் ஆடியது. ஜன்னல் திரை பறந்து வந்து அவள் கன்னத்தைத் தொட்டது. “அண்ணா, மேகம்! ஆனா ஈரமே இல்லையே?”

“நேத்துத் துவைச்சுக் காயப்போட்ட மேகம்.”

மேகத்துக்குள் ரயில் கொஞ்ச நேரம் போனது.

“கோட்டைக்குள்ள ஓர் இரும்புப் பெட்டி. அதுக்குள்ள ரகசியக் கோப்பு. உளவாளி எடுத்தான், அரக்கன் காலி. முடிஞ்சது.”

“கிளி எங்கே?”

“கிளி கிடையாது. வேலையை விட்டுத் தூக்கியாச்சு.”

“எங்க போச்சு?”

“எங்கேயோ.”

“தனியாவா? அதுக்கும் கண்ணு கட்டியிருந்தா?” சில்வண்டின் கீழுதடு பிதுங்கியது. பிறகு நடுங்கியது.

குண்டு வெடித்தால் என்ன செய்வது என்று உளவுக்குத் தெரியும். உதடு பிதுங்கினால் என்ன செய்வது என்று தெரியாது. மணி மூன்றுதான் ஆகியிருந்தது.

“ஷ்ஷ்! நீ அழுதா கிளி மாட்டிக்கும்” என்றான் அவசரமாக. “கிளி எங்கேயும் போகலை. எதிரியை ஏமாத்த நாங்க பரப்பின பொய் அது. உண்மையில கிளிதான் தலைமை உளவாளி.”

“உன்னைவிடப் பெரிசா?”

உளவு எச்சில் விழுங்கினான். “என்னைவிட.”

உதடு நின்றது. “இப்ப எங்க இருக்கு?”

“இங்கதான். காத்து மாதிரி மாறுவேஷம். கண்ணைத் திறந்திருக்கிறவங்க யாருக்கும் தெரியாது.”

“எனக்கு?”

“உனக்குத் தெரியும். கையை நீட்டு.”

அவள் உள்ளங்கையில் இரண்டு விரல்களை மெல்ல ஊன்றி எடுத்தான். சில்வண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மற்றொரு கையால் மெதுவாக மூடினாள்.

“பச்சையா இருக்கு” என்றாள். “கழுத்துல சிவப்புக் கோடு.”

உளவு குனிந்து பார்த்தான். “சத்தமாச் சொல்லாதே. அது ரகசிய அடையாளம்.”

ரயில் கடகடவென்று போய்க்கொண்டே இருந்தது. சில்வண்டின் தலை தலையணையில் சாய்ந்தது.

“அண்ணா, தூக்கம் வருது. தூங்கினா கை திறந்துடும். நீ வாங்கிக்கோ.”

“நானா?”

“கெட்டியாப் பிடிக்காதே. அதுக்குள்ள உயிர் இருக்கு.”

உளவு இரண்டு கைகளையும் குவித்து வாங்கிக்கொண்டான். சில்வண்டு தூங்கிப்போனாள்.

ரயில் நின்றது. அம்மா எட்டிப் பார்த்தாள். கண்ணின் வெள்ளைக் கட்டு ஒரு சொட்டுக்கூட நனையவில்லை.

“பரவாயில்லையே! அவதான் தூங்கிட்டாளே, வா, இந்தச் சட்டையெல்லாம் மடிச்சுக் கொடு.”

உளவுக்கு மூக்கு அரித்தது. அவன் சொறியவில்லை. குவித்த கைகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

“இப்ப முடியாதும்மா” என்று கிசுகிசுத்தான். “கை காலியா இல்லை.”