இருநூற்றுப் பதினாறில் ஒரு விண்கலம்

மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் கௌசிகாவின் வீட்டுக் கதிரையில் அமர்ந்தாள் ஷிஃபானா.

"நாலு மணிக்கு வாங்குற ஆக்கள் வாறாங்க, அக்கா. நான் செய்யல்ல எண்டு அதுக்குள்ள காட்டாட்டி எனக்கு வேலையும் இல்ல, பேரும் இல்ல."

துறைமுகத்தருகே ஜவாஹிரின் சிறிய நிறுவனத்தில், விண்கலம் ஓட்டிப் பார்க்கும் சிமியுலேற்றர் என்ற கணினிப் பொறிக்குப் பறப்புக் கணக்கு எழுதுகிறவள் அவள். நேற்று மாலை திரையில் விண்கலம் நானூறு கிலோமீற்றர் உயரத்தில் விண்நிலையத்துடன் அழகாக இணைந்தது. இன்று காலை நிலையத்துக்குக் கீழால் ஓடி, அதை முந்திப் போய்விட்டது.

"தொடக்க உயரத்துல நானூறு இருந்த இடத்துல இருநூற்றுப் பதினாறு இருக்கு. கீழால சுத்துற கலம் கெதியாச் சுத்தும், நிலையத்தோட சேராது. திருத்தப் போனேன். பிழை விட்ட கை இனி மெசினத் தொடக்கூடாதாம், சேர் சொல்றார்."

கௌசிகா காப்புறுதிக்காரர்களுக்காக விபத்துகளை விசாரிப்பவள். அவளுக்குச் சாரதியும் உதவியாளனும் கணவன் தனஞ்சயன்தான். இரண்டும் அவனாகக் கேட்டு வாங்கிய பதவிகள்.

"ஆரெண்டு எனக்கு இப்பவே தெரியும். கூட வேலை செய்யிற பெடியன்தான்!" என்றான் அவன்.

"முதல் மோட்டார்சைக்கிளை எடுங்கோ," என்றாள் கௌசிகா.

பாலையூற்றுச் சந்தியில் அவர்கள் வீடு. புது மோட்டார்சைக்கிளின் மீற்றரை வாசிப்பதில் தனஞ்சயனுக்குத் தனி இன்பம். "வீட்டிலயிருந்து நாலு தசம் ஆறு கிலோமீற்றர்!" என்று அறிவித்தபடி நிறுவனத்தின் முன் இறங்கினான்.

வாசலில் ஜவாஹிர் கடிகாரத்தைக் காட்டினார். "பாலையூத்துச் சந்தி இங்கயிருந்து ரெண்டரை மைல். இதுக்கு இவ்வளவு சுணக்கமா?"

அவரது கதிரைக்குப் பின்னால் ஒரு படம்: வெள்ளைச் சீருடையில், கப்பல்களைத் துறைமுகத்துக்குள் வழிநடத்திய காலத்து ஜவாஹிர்.

"இண்டைக்கு ஆர் ஆர் வருகினம், சேர்?" என்று கேட்டாள் கௌசிகா.

"கொழும்பால ரெண்டு பேர். என்னோட கப்பல் கொண்டுவந்த பழைய கூட்டாளிமாரும் வாறாங்க."

சிமியுலேற்றரின் படங்களை வரையும் யதுர்சன் மூலையில் நின்றான். "பாஸ்வேர்ட் எங்க மூண்டு பேருக்கும்தான் தெரியும். ஆனா கணக்கை நான் தொடமாட்டன். தொட்டா இவ என்னைக் கடிச்சுத் துப்பிடுவா."

"பிறகேன் வேர்க்குது?" என்று பாய்ந்தான் தனஞ்சயன்.

"ஃபான் காத்தை நீங்கள் மறைச்சுக்கொண்டு நிக்கிறியள், அண்ணை."

மூன்றரை மணியாயிற்று. கௌசிகா எல்லாரையும் கணினியைச் சுற்றி இருத்தினாள்.

"கெடுக்க நினைச்ச ஆள் கைக்கு வந்த எண்ணைப் போட்டிருப்பார். இது பார்த்துப் போட்ட எண். நானூறை இருநூற்றுப் பதினாறால பிரிச்சா?"

"ஒண்டு தசம் எட்டு அஞ்சு," என்றாள் ஷிஃபானா.

"எங்கட வீட்டுத் தூரம் மீற்றரில நாலு தசம் ஆறு. சேர் அதை ரெண்டரை மைல் எண்டார். பிரியுங்கோ."

"ஒண்டு தசம் எட்டு நாலு." அவள் நிமிர்ந்தாள். "கிட்டத்தட்ட அதேதான், அக்கா!"

"சாதாரண மைல் எண்டா மூண்டுக்குக் கிட்ட வரும். ரெண்டரை வாறது கடல்மைலில. நானூறு கிலோமீற்றரும் கடல்மைலில இருநூற்றுப் பதினாறுதான். தரையையும் கடல்மைலால அளக்கிற ஆள் இஞ்ச ஒராள்தான்."

ஒருவரும் அந்த வெள்ளைச் சீருடைப் படத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. தகரக் கூரையில் மழை இரைந்தது.

"கூட்டாளிமாருக்குக் கடல்மைல்ல தெரியட்டும் எண்டு காலைல மாத்தினேன்," என்றார் ஜவாஹிர். "காட்டுற எண் மட்டும் மாறும் எண்டு நெனச்சேன். கணக்கு கிலோமீற்றர்ல ஓடுது எண்டு யோசிக்கல்ல. கலம் தவறினதும், எனக்கு விளங்கல்ல எண்டு சொல்ல வெக்கமாப் போச்சு."

"அந்த வெக்கத்த என்ட தலையில போட்டீங்க, சேர்."

அவர் எழுந்து தன் கதிரையை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் நானூறைத் தட்டினாள். கொஞ்சம் யோசித்து, தூரம் காட்டும் இடத்தின் கீழ் இன்னொரு வரியும் சேர்த்தாள்: கடல்மைலில்.

நான்கு மணிக்கு, கூடியிருந்தவர்கள் முன் ஜவாஹிர் எழுந்து நின்றார். "முதல்ல ஒண்டு சொல்லணும். காலைல இந்தக் கலத்த வழிதவற விட்டது நான். சரியான கணக்கு இந்த மகள்ட."

பழைய கப்பல்காரர்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது. திரையில் இரண்டு வரிகளிலும் தூரம் குறைந்துகொண்டே வந்தது. மேசை விளிம்பை ஷிஃபானா இறுகப் பிடித்திருந்தாள். இரண்டிலும் ஒரே கணத்தில் பூச்சியம் விழுந்தது. கலம் நிலையத்தோடு சேர்ந்தது.

கைதட்டலுக்கு நடுவே கௌசிகா கணவன் பக்கம் சாய்ந்தாள். "ஆரெண்டு முதலே தெரியும் எண்டனீங்கள்?"

"ஓம், பெடியன் எண்டுதானே சொன்னனான்," என்றான் தனஞ்சயன். "அவருக்கு அறுபது வயசெண்டு சொல்லத்தான் மறந்துபோனன்."