நாலாம் தூண்

மூன்று மணி நேரம் பதினேழு நிமிடங்களாக மங்கை அந்தத் தூணடியில் நின்றுகொண்டிருந்தாள்.

தலைக்கு மேல் மேம்பாலம். அதன் இரு பக்கமும் மழை கொட்டியது. தண்ணீர் கணுக்காலைத் தாண்டிவிட்டதால் துணிக்கடைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். உள்ளே தங்கை பூவிழிக்கு எடுத்த சேலை. விடிந்தால் தீபாவளி. இரவில் கரையைக் கடக்கும் என்று சொல்லப்பட்ட புயல் நண்பகலுக்கே வந்துவிட்டது. கடைகள் ஒரே நேரத்தில் கதவைச் சாத்தின. தெருவிலிருந்த மொத்தக் கூட்டமும் ரயில் நிலையத்தை நோக்கித் திரும்பியது.

அப்போதுதான் செவித்துணையில் பூவிழி பேசினாள். பாலத்தடியில் நாலாம் தூண் பக்கத்தில் இரு, வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று.

இப்போது மறுபடியும் பேசினாள். "இரு அக்கா, வந்துட்டேன்."

"எங்கடி இருக்கே? தண்ணி ஏறுது."

"தோ, சிக்னல்கிட்ட. நீ எங்கயும் போயிடாதே. வந்துட்டேன்."

இது ஆறாவது முறை. மங்கைக்குக் கோபம் வரவில்லை. இந்த ஊரில் வந்துட்டேன் என்பவர் வீட்டில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கலாம். கேட்பவருக்கும் அது தெரியும். ஆனாலும் அந்தச் சொல் காதில் விழுந்துவிட்டால் கிளம்பிப் போக மனம் வராது. இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்று நிற்பார்கள். ஐந்து நிமிடம் கழித்தும் அப்படியே.

செவித்துணை வந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் ஒரு திருவிழா நெரிசலில் முப்பது பேருக்கு மேல் நசுங்கிப் போனார்கள். இடது பக்கம் செல்லவும் என்று ஒலிபெருக்கி கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் திரும்பவில்லை. அறிவிப்பை மக்கள் கேட்க மாட்டார்கள், வீட்டு ஆள் சொன்னால் கேட்பார்கள் என்று திரள் காப்பு மையம் கண்டுகொண்டது. கொட்டைப்பாக்கு அளவுள்ள ஒரு கருவியைச் செய்து எல்லாருக்கும் கொடுத்தது. அவரவர் நம்பும் குரல் ஒன்றை அதில் பதிந்து வைக்க வேண்டும். கூட்டத்தில் அது அந்தக் குரலிலேயே வழி சொல்லும். உண்மையான அழைப்புகளும் அதன் வழியாகவே வரும் என்பதால் மையம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தது. கருவி பேசும் முன் ஒரு மணி ஒலிக்கும். மணி ஒலித்தால் கருவி. ஒலிக்காவிட்டால் ஆள். முதல் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும்.

மங்கை தங்கையின் குரலைப் பதிந்து வைத்திருந்தாள். வேறு யாரும் அவளுக்கு இல்லை. பூவிழி அந்த மையத்தில்தான் வேலை செய்தாள். கருவி எந்தச் சொல்லால் பேச வேண்டும் என்று தீர்மானிக்கும் சொல்லமைப்புக் குழுவில் இருந்தாள்.

இன்று மணி ஒலிக்கவில்லை. அதனால் மங்கை நின்றாள்.

பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர் ஒருவர் தனக்குள் பேசிக்கொண்டார். "சரி, சரி. நிக்கறேன்னு சொல்றேன்ல."

"யாருக்குண்ணே நிக்கிறீங்க?"

"வீட்டுக்காரிக்கும்மா. தோ வந்துட்டேன்யான்றா."

பட்டாசுப் பெட்டியைத் தலையில் வைத்திருந்த ஒரு அம்மாள் திரும்பினாள். "எனக்கு என் மருமவ. ரெண்டு மணிலேர்ந்து வந்துட்டேன் வந்துட்டேங்குறா."

"மருமவ கொரலையா பதிஞ்சு வச்சுக்கீறே?" என்றார் ஆட்டோக்காரர்.

"பின்ன? என் புள்ள பேச்சை நானே கேக்க மாட்டேன்."

மூவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகுதான் மங்கை சுற்றிலும் பார்த்தாள். இந்தத் தூணடியில் ஐம்பது பேர் இருக்கும். அடுத்த தூணடியிலும் அவ்வளவு பேர். அதற்கடுத்ததிலும். எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து, ஒரே மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ரயில் நிலையத்துக்குப் போகும் கூட்டம் அவர்கள் மேல் முட்டி, வேகம் குறைந்து, மெல்லிய வரிசையாகப் பிரிந்து போனது. ஆற்றுக்குக் கரை கட்டியது போல்.

"உங்க வீட்டுக்காரம்மா எங்கேருந்துண்ணே வராங்க?" மங்கையின் குரல் இறங்கிவிட்டது.

அவர் மழையைப் பார்த்தார். "கஸ்தூரியா? அவ எங்கேருந்து வருவா. போய்ச் சேந்து ரெண்டு வருசம் ஆவுது."

பட்டாசு அம்மாள் பெட்டியைக் கீழே இறக்கினாள்.

"அப்ப இது மெஷின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? ஆனா இன்னிக்கு மணி அடிக்காம பேசுனாம்மா. ரெண்டு வருசத்துல இன்னிக்குத்தான் மொத தபா. அதான் நின்னுட்டேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ இல்லன்றது பேச்சுலயே தெரியும். உசுரோட இருக்கசொல்ல ஒரு நாள் விடாம திட்டுவா. இது திட்டாது. நம்ம மனசு கோணுற மாரி ஒரு வார்த்த வராது. அப்பிடித்தான் செஞ்சு வச்சுக்கீறானுங்கோ."

மங்கைக்குச் சென்ற மாதம் நினைவுக்கு வந்தது. பூவிழி இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்திருந்தாள். மையத்தில் அவளைப் பாராட்டியிருந்தார்கள். இங்கேயே நில்லுங்கள் என்றால் மக்கள் சராசரியாகப் பதினொரு நிமிடம்தான் நிற்கிறார்கள். அவள் கண்டுபிடித்த சொல்லுக்கு மணிக்கணக்காக நின்றார்களாம். "ஒரே ஒரு வார்த்தைதாங்க்கா. எதுன்னு மட்டும் கேக்காதே."

மங்கை காதைத் தொட்டாள். "பூவிழி. ஸ்கூல்ல உனக்காக நான் எங்க நிப்பேன்?"

"வேப்பமரத்தடியில. சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துல. ஏன்க்கா?"

தடுமாற்றமே இல்லை. ஐந்து ஆண்டுகளாக அக்காவும் தங்கையும் பேசிய எல்லாம் அதற்குத் தெரியும்.

"இன்னிக்கு ஏன் மணி அடிக்கலை?"

"இரு அக்கா, வந்துட்டேன்."

மங்கை செவித்துணையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. நிறம் மாறியிருந்தது. மழைநீர் இல்லை, சேறு கலந்த பழுப்பு நிறம். அதில் இப்போது ஓட்டமும் இருந்தது.

"என்னம்மா சொல்றா உன் தங்கச்சி?" பட்டாசு அம்மாள் கேட்டாள். இன்னும் பலரும் அவளைப் பார்த்தார்கள். இவ்வளவு நேரமும் அவள் நகராததைப் பார்த்துத்தான் அவர்களும் நகரவில்லை என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. என்ன சொல்வது? ரயில் நிலையப் படிகளில் ஆள் மேல் ஆளாக நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. இந்த ஐம்பது பேரும் அங்கே ஓடினால் அந்தப் பழைய நெரிசல் மறுபடியும் நடக்கும்.

உள்ளங்கையில் கருவி அதிர்ந்தது. காதில் வைத்தாள். மணி ஒலிக்கவில்லை.

"அக்கா, கிளம்பு! உடனே கிளம்பு. கால்வாய்க் கரை உடைஞ்சிடுச்சு, தண்ணி உங்க பக்கம்தான் வருது. ரயிலடிக்குப் போகாதே. ரெண்டாம் தூண் பக்கத்துல இரும்புப் படிக்கட்டு இருக்கு. எல்லாரையும் கூட்டிட்டுப் பாலத்து மேல ஏறு."

அதே குரல். அதே மூச்சு.

"இவ்ளோ நேரம் இருன்னு சொன்னே."

"அது நான் இல்லக்கா. அதுக்கு நெரிசல் மட்டும்தான் தெரியும், தண்ணி தெரியாது. உங்களை விடச் சொல்லி நாப்பது நிமிஷமா இங்க கத்திட்டு இருக்கேன். ரயிலடிக் கூட்டம் குறையலைன்னு விடமாட்டேங்கிறாங்க."

மங்கை மேலே பார்த்தாள். பாலத்தின் மேல் காற்று ஊளையிட்டது. ஒரு விளம்பரத் தகடு விளிம்பைத் தாண்டிப் பறந்து போனது. அங்கே ஏறினால் தூக்கி வீசிவிடும். கருவி இப்போது வேறு எங்கோ ஆட்களைக் கொண்டு கரை கட்ட நினைத்திருக்கலாம். அதற்கு இந்த ஐம்பது பேர் தேவைப்படலாம்.

"நீயும் மெஷின்தானே?"

"ஐயோ, நான்தாங்க்கா. பூவிழி."

"அதுவும் இதைத்தான் சொல்லும்."

"ஏதாவது கேளு. எனக்கும் உனக்கும் மட்டும் தெரிஞ்சது."

"கேட்டாச்சு. எல்லாம் அதுக்குத் தெரியும்."

மறுமுனையில் ஆட்கள் கத்துவது கேட்டது. அதையும் கருவியால் செய்துகாட்ட முடியும். பட்டாசுப் பெட்டி மிதந்து போனது. அந்த அம்மாள் அதை எட்டிப் பிடிக்கவில்லை. மங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மங்கை ஆட்டோக்காரரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "என் மனசு கோணுற மாதிரி ஒண்ணு சொல்லு, பூவிழி."

"என்னது?"

"அது சொல்லாது. நீயா இருந்தா சொல்லு."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. இதுவரை அவள் கேட்ட எந்தக் கேள்விக்கும் கருவி இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

"அக்கா," என்றது குரல். உடைந்திருந்தது. "மணியை எடுத்தது எங்க குழுதான். நானும் கையெழுத்துப் போட்டேன். புயல் வந்ததும் பட்டியல் வந்துச்சு, எந்தத் தூணுக்கு யாரை நிக்க வைக்கலாம்னு. ஒரு ஆள் உறுதியா நின்னா சுத்தி இருக்கறவங்களும் நிப்பாங்க. நாலாம் தூணுல மொதப் பேரு உன் பேரு. நான் பாத்தேன். பேரை அடிச்சிருக்கலாம். ஒரு கோடு போதும்."

மங்கை கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அடிக்கலை. வேற யாரா இருந்தாலும் பாதியில போயிடுவாங்க. நீ போக மாட்டே. ஸ்கூல்ல எத்தனை நாள் மழையில நின்னிருக்கே. வந்துட்டேன்னு என் குரல் சொன்னா நீ நிப்பேன்னு எனக்குத் தெரியும்."

மங்கை ஒரு கையால் ஆட்டோக்காரரின் தோளையும் மறு கையால் அந்த அம்மாளின் முழங்கையையும் பிடித்தாள். இருவரையும் இரும்புப் படிக்கட்டின் பக்கம் திருப்பினாள். பின்னால் மற்றவர்களும் அசைந்தார்கள். தோளிலிருந்த பை நழுவித் தண்ணீரில் விழுந்தது. அவள் குனியவில்லை.

"சிக்னல்ல இருக்கேன்னு சொன்னியே," என்றாள். அது கருவி சொன்னது என்று தெரிந்தும் கேட்டாள்.

"இல்லக்கா. காலையிலேர்ந்து இந்த நாற்காலியிலதான் உக்காந்திருக்கேன். நான் கிளம்பவே இல்லை."