நான்காவது கட்டம்

தோட்டத்துக் கேட்டுக்கு மேலிருந்த நான்காவது கேமரா போன ஐப்பசி இடியில் கருகிவிட்டது. அதைக் கழற்றி வந்து பொற்கொடிதான் தன் வீட்டுப் பரணில் போட்டிருந்தாள். ஆனால் இப்போது டேப்லெட்டின் நான்காவது கட்டத்தில் படம் ஓடியது.

நேற்றுத்தான் அப்பா காளிச்சாமிக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண் ஏற்கெனவே மங்கல். கோயமுத்தூரில் அவள் வீட்டில் தங்கமாட்டேன் என்று அடம்பிடித்துக் கிணத்துக்கடவுத் தோட்டத்துக்கே போய்விட்டார். பக்கத்துத் தோட்டத்து மாரியாத்தாள் சாயங்காலம் சோறு வைத்துவிட்டுப் போனால், அப்புறம் கேமராதான் துணை. கேமராப் படத்தைக் காட்டும் இணையப் பக்கத்துக்குத் தேவையான பிளகின் என்ற பழைய துணை மென்பொருள் டேப்லெட்டில் ஓடாது என்று கேமராக்களைப் பொருத்திய காந்திபுரம் ரசாக் சொல்லியிருந்தார்.

"கண்டதையும் ஏத்திப்போடாதீங்க. நாளைக்கு நானே வந்து புதுக் கேமராப் பெட்டி மாத்தித் தாரேனுங்க."

நாளை வரை பொறுக்க அவளுக்கு மனம் இல்லை. பெயர் தெரியாத ஏதோ ஒரு தளத்திலிருந்து அந்தப் பிளகினை இறக்கினாள். இந்தச் சாதனத்துக்கு ஏற்றதல்ல என்று டேப்லெட் எச்சரித்தும், அது கேட்டதற்கெல்லாம் 'அனுமதி' என்பதையே தட்டினாள்.

மழை விட்ட சாயங்காலம். பால்கனிக் கம்பியில் நீர் சொட்டும் சத்தமும், கீழே டவுன் பஸ்களின் ஹாரனும், சூடேறிய டேப்லெட்டிலிருந்து வந்த இலேசான கருகல் வாடையும் சேர்ந்து அவளுக்குத் தலைவலியைத் தந்தன. மூன்றாவது கட்டத்தில் அப்பா தோளில் பச்சைத் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நெஞ்சு நிம்மதியானது. நான்காவது கட்டத்தில் கேட்டுக்கு வெளியே யாரோ முதுகைக் காட்டியபடி நின்றிருந்தார்கள்.

அவள் ஊர்ப் பக்கத்தில் வாசலில் யார் நின்றாலும் முதலில் 'வாங்க' என்பார்கள். யாரென்று கேட்பது தண்ணீர் கொடுத்த பிறகுதான். அந்தப் பழக்கத்தில், யோசிக்காமலே, கட்டத்தின் ஓரத்தில் இருந்த மைக் பொத்தானை அழுத்தினாள்.

"வாங்க, வாங்க. உள்ள போய் உக்காருங்க. அப்பா இருக்காருங்க."

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. கேட்டிலிருந்த ஸ்பீக்கரும் அந்த இடியிலேயே போய்விட்டது.

ஆனால் அந்த உருவத்துக்குக் கேட்டுவிட்டது. திரும்பாமல், பின்பக்கமாகவே நடந்து, சாத்திய கேட்டைக் கடந்து உள்ளே வந்தது. முதல் கட்டத்தில் தென்னைகளுக்கு நடுவே தெரிந்தது. பிறகு இரண்டாவது கட்டத்தில், வாசலில்.

பொற்கொடி ஃபோனை எடுத்து அப்பாவை அழைத்தாள்.

"அப்பா, கதவச் சாத்தித் தாழ்ப்பாளப் போட்டுக்கோங்க."

"எதுக்கு அம்மணி?" அப்பாவின் குரலில் சிரிப்பு. "நீதான் வந்து பக்கத்துல உக்காந்துட்டியே. அப்புறம் போனு யாரு பண்றது?"

மூன்றாவது கட்டம். கட்டில் விளிம்பில் அந்த உருவத்தின் முதுகு. அப்பாவின் தலையை ஒரு கை தடவிக்கொண்டிருந்தது.

"அப்பா, அது நானில்ல. எந்திரிச்சு வெளிய வாங்க."

ஃபோனுக்குள் அவள் குரலே கேட்டது. மெதுவாக. அருகில்.

"உள்ள போய் உக்காருங்க. அப்பா இருக்காருங்க."

அவள் வாய் திறக்கவில்லை.

கை கண்கட்டுக்கு நகர்ந்தது. பிளாஸ்திரியின் ஒரு முனையைப் பிடித்தது.

"அவுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரா கண்ணு?" என்றார் அப்பா.

"வேண்டாங்கப்பா. கண்ணத் திறக்காதீங்க" என்று ஃபோனில் கத்தினாள் பொற்கொடி.

கட்டு விழுந்தது. அப்பா நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தார். ஃபோனில் ஒரு சத்தமும் இல்லை. மூச்சுகூட இல்லை.

டேப்லெட் ஒருமுறை இருண்டு வெளிச்சமானது. மூன்றாவது கட்டத்தில் வெறும் கட்டில்.

நான்காவது கட்டத்தில், கேட்டுக்கு வெளியே, இரண்டு முதுகுகள். ஒன்றின் தோளில் அப்பாவின் பச்சைத் துண்டு.