தலைப்பாகை கட்டியவர்

“சிரியுங்கோ... ஐயோ, இவ்வளவு வேண்டாம்!” என்று கமராவுக்குப் பின்னாலிருந்து கத்தினாள் டொலறஸ்.

மாளிகைத் தோட்டத்து மஞ்சள் டாஃபடில் பூக்களுக்கு நடுவே, பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக நின்றவன் முப்பத்திரண்டு பல்லையும் காட்டினான்.

இந்துக் கலியாணங்களுக்கு வழக்கமாகப் படம் எடுப்பவர் அவளுடைய கஸ்பர் அண்ணைதான். அவருக்குக் காய்ச்சல். லண்டனிலிருந்து ஒரு மணிநேரம் காரோட்டி இவள் வந்திருக்கிறாள். இதுவரை மாதா கோயிலில் கோட்டுப் போட்ட மாப்பிள்ளைகளையே எடுத்தவள். இந்துக் கலியாணம் இதுதான் முதல்.

“தலைப்பாகை கட்டினவர்தான் மாப்பிள்ளை. அவரை விட்டுடாதை” என்று அண்ணை இருமலோடு சொல்லி அனுப்பியிருந்தார். அவளும் விடவில்லை.

“கமராவைக் கொஞ்சம் இறக்குங்கோவன்... கண்ணைப் பாத்தால்தானே எனக்குச் சிரிப்பு ஒழுங்கா வரும்” என்றான் அவன்.

தாலி கட்டப் போகிற நேரத்தில் கதைக்கிற கதையா இது! அதைவிடக் கொடுமை, அவளுக்கு அது பிடித்திருந்தது. மாதாவே... அடுத்தவளின் மாப்பிள்ளை! பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் இதை எப்படிச் சொல்வாள்?

ஏப்ரல் மழை சொல்லாமல் கொள்ளாமல் பிடித்துக்கொண்டது. அவன் தன் சால்வையை உருவி அவள் கமராவின் மேல் பிடித்தான். மழைத்துளி அவன் இமையில் தொங்கியது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்...

“உங்களுக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?” என்று மெல்லக் கேட்டான்.

“வெக்கமாயில்லையோ உங்களுக்கு? உள்ளை ஒரு பிள்ளை உங்களை நம்பி அலங்கரிச்சுக்கொண்டு இருக்குது! உங்களுக்குக் கழுத்தை நீட்டுறதைவிட அவ கன்னியாஸ்திரியாப் போகலாம்!”

அவன் வாயைப் பிளந்தான். அதேநேரம் வாசலில் பூச்சோடித்த கார் வந்து நின்றது. மாலையோடு இறங்கியது இன்னொரு தலைப்பாகை!

“அவர்தான் மாப்பிள்ளை. நான் பொம்பிளையின்ரை தம்பி, ஆனந்தராஜா” என்றான் அவன். “மாப்பிள்ளைத் தோழன். எங்கடை வழக்கத்திலை தோழனுக்கும் தலைப்பாகை கட்டுவினம்.”

சுருள் முடிந்து கமரா கர்ரென்று பிலிமைத் திருப்பிச் சுற்றியது. முப்பத்தாறு படமும் தோழனுக்கே போய்விட்டது. டொலறஸ் பையைக் கொட்டிக் கவிழ்த்துப் புதுச் சுருளைத் தேடினாள். மாப்பிள்ளை வாசற்படிக்கு வந்துவிட்டார். தோழன் மாப்பிள்ளையின் கால் கழுவி அழைக்கிற, அண்ணை கட்டாயம் எடுக்கச் சொன்ன அந்தப் படம் இல்லாவிட்டால் அண்ணையின் பெயர் கெட்டுவிடும்.

ஆனந்தராஜா செம்பும் தண்ணீருமாகக் குனிந்தான். ஒருமுறை கழுவினான். அவளைத் திரும்பிப் பார்த்தான்... மறுபடியும் கழுவினான்.

“காணும் தம்பி, காணும்! விரல் விறைக்குது!” என்றார் மாப்பிள்ளை.

“பொறுங்கோ அத்தான், குதிக்காலிலை இங்கிலாந்துச் சேறு!”

மூன்றாம் முறை கழுவும்போது, புதுச் சுருள் மாட்டிய அவள் கமரா மின்னியது. அப்போதுதான் அவனும் நிமிர்ந்தான். ஏச்சு வாங்கியும் தனக்காக இப்படிக் குனிந்திருந்தவனை நினைக்க அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை வீம்பு அவளை விடவில்லை. பிறகு அவளே அவனிடம் போனாள்.

“ஏசினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“அது பரவாயில்லை. ஆனா ஒரு மாப்பிள்ளை பல்லிளிச்சதுக்கு உங்களுக்கு ஏன் அவ்வளவு கோவம்?”

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

“எனக்கு... உங்களைப் பிடிச்சுப்போச்சு. வேறை ஒருத்தியின்ரை ஆளெண்டு நினைச்சன். அதுதான் கோவம்.”

அவன் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

“நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போறவள்” என்றாள் அவள். “உங்கடை அம்மா சம்மதிப்பாவோ?”

“ஏலாதெண்டுதான் சொல்லுவா. ஒரு மாதம் அழுவா. நான் பக்கத்திலை இருந்து கண்ணைத் துடைச்சுவிடுறன்... நீங்கள் மட்டும் இப்ப ஓமெண்டு சொல்லுங்கோ.”

“ஓம்” என்றாள் டொலறஸ்.