எலும்புப் பிடி போட்ட கத்தி

நேத்து வரைக்கும் அந்த எடத்துல செதுக்கு கெடையாது.

டேவிட்சன் டியூப்லைட்டுக்கு நேரா நின்னு கத்தியத் திருப்பித் திருப்பிப் பாத்தான். பிடியோட ஓரத்துல, பெருவிரல் தானாப் போயி உக்காருத எடத்துல, எலும்பு எப்பவும் வழுவழுன்னு இருக்கும். எந்தக் காலத்துலயோ எவனோ ஒருத்தன் கைபட்டுத் தேஞ்சு தேஞ்சு அப்படி ஆனது. அந்த எடம் இவனுக்கு அவ்வளவு புடிக்கும். கடையில கஸ்டமர்கிட்ட பேசும்போதுகூட ஒரு கை பாக்கெட்டுக்குள்ள அதத்தான் தடவிக்கிட்டுக் கெடக்கும். இன்னைக்குத் தடவுனா விரல்ல என்னமோ தட்டுது. சின்னதா, வளைஞ்சு, ஒரு வரிசை. மத்த செதுக்கெல்லாம் பழசாகி டீக்கறை கலர்ல இருக்கு. இது மட்டும் வெள்ளை.

வீட்டுல ஆளு யாரு? பொண்டாட்டி ரெனி. மூணு மாசத்துப் பொம்பளப் புள்ள. வேற எவனும் இல்ல.

ரெனிகிட்ட ஒண்ணும் கேக்கல. கத்தியத் துணியில சுத்தி பீரோவுல வச்சுப் பூட்டுனான். சாவிய எப்பவும் தொங்குத ஆணியில மாட்டப் போனவன், மாட்டாம சட்டைப் பையில போட்டுக்கிட்டான்.

பழைய மடக்குக் கத்தின்னா டேவிட்சனுக்குக் கிறுக்கு. அதுலயும் எலும்புப் பிடி போட்டதுன்னா சோறு தண்ணி வேண்டாம். மாட்டு எலும்ப அறுத்து, மான்கொம்பு மாதிரி சொரசொரன்னு தெரியணும்னு மேல பூரா குட்டிக் குட்டியா செதுக்கியிருப்பாங்க. செதுக்குன எலும்ப இங்கிலீஷ்ல ஜிக்டு போன்னு சொல்லுவாங்க. கம்பெனிக்குக் கம்பெனி அந்தச் செதுக்கு மாறும். தெரிஞ்சவன் கத்தியில இருக்க பேரப் பாக்கவே வேண்டாம், கண்ண மூடித் தடவியே எங்க செஞ்சதுன்னு சொல்லிருவான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்க டேவிட்சனும் சொல்லுவான். இந்த ஒரு கத்திதான் அவனுக்குப் பிடிபடல.

குருவிகுளம் ரோட்டுல பழைய இரும்புக் கடை வச்சிருக்க முத்துமணி அண்ணாச்சிகிட்ட வாங்குனது. இளையரசனேந்தல்ல ஒரு வீட்ட இடிச்சு வந்த சாமான்ல ஒரு மரத்தொட்டில் கெடந்துச்சு, அதோட உள்பக்கச் சட்டத்துல இந்தக் கத்திய நூலால சுத்து சுத்துன்னு சுத்திக் கட்டியிருந்துது. கத்தியக் கட்டி வச்சு எந்த வீட்டுல வே புள்ள வளத்தானுவன்னு அண்ணாச்சி சிரிச்சாரு. தொட்டிலையும் சேத்து எடுத்துக்க, உனக்கும் புள்ள பொறந்திருக்குல்லான்னு கேட்டாரு. இவன் நூல அறுத்து கத்திய மட்டும் எடுத்துக்கிட்டு வந்துட்டான்.

கடையநல்லூர் ஆஷிக் அலி இவன மாதிரியே இன்னொரு கிறுக்கன். போட்டோ பாத்த அன்னைக்கே பைக்க எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டான். லென்ஸ வச்சு ரொம்ப நேரம் பாத்தான். மிஷின் வெட்டுனா வரிசை நேராப் போகும், கையால வெட்டுனா ஆழம் கூடக் குறைய இருக்கும், இது ரெண்டும் இல்லன்னான்.

"மேலயும் வளைஞ்சிருக்கு, கீழயும் வளைஞ்சிருக்கு பாரு மக்கா. எதோ கவ்வுன மாதிரி. எனக்குத் தந்துரு, கேக்குதத தாரேன்."

தரமாட்டேன்னு இவன் சிரிச்சான். காப்பி கொண்டுவந்த ரெனி சிரிக்கல. அவ பார்வை கத்தி மேல இருந்துச்சு. அங்கனருந்து புள்ள கெடந்த சேலைத் தொட்டிலுக்குப் போச்சு.

அது இப்ப ஞாபகம் வந்துச்சு அவனுக்கு.

வீடு தறிக்காரத் தெருவுல, மாடியில. கீழ பூரா விசைத்தறி. காலையில ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் கடக்கு முடக்கு கடக்கு முடக்குன்னு ஒரே அடி, தரை அதிரும், சொம்புத் தண்ணி நடுங்கும், பஞ்சுத்தூசி வருதுன்னு சன்னல எப்பவும் சாத்தியே வச்சிருக்கதால பகல்லயும் உள்ள மங்கலாத்தான் கெடக்கும். நடுக்கொக்கியில ரெனியோட பழைய சேலை தொட்டிலாத் தொங்கும். அந்தச் சத்தத்துலயே புள்ளையும் பழகிட்டா.

ரெண்டு நாள் கழிச்சு மத்தியானம் சாப்புட வந்தவன் பீரோவத் தெறந்தான். துணி இருக்கு. கத்தி இல்ல.

வீடு பூராத் தேடிட்டுக் கடைசியா தொட்டிலப் பாத்தான். புள்ள தூங்குது. சேலை மடிப்புல, அவ தலைக்குப் பக்கத்துல, கத்தி. மடக்கித்தான் இருந்துச்சு. ஆனா கையில எடுத்தா பிசுபிசுங்குது. பிடி பூரா ஈரம். பால் கெட்டுப்போன மாதிரி ஒரு வாடை. அந்த ஈரத்துக்கு அடியில இன்னும் ஒரு புது வரிசை.

மாத்துச் சாவி இருக்குன்னு ரெனி மறைக்காமச் சொன்னா. அவ மூஞ்சில தூக்கமே இல்ல. கண்ணுக்கடியில கருப்பா எறங்கிக் கெடந்துச்சு.

"பச்சப்புள்ள தலைமாட்டுல கத்தியப் போடுதியே ஏட்டி, உனக்குப் புத்தி இருக்கா?"

"தறி நிக்கும்போது ஒரு நா இங்கன உக்காந்து கேளுங்க."

"என்னத்தக் கேக்க?"

"கடிக்கிறத."

இவன் அவளையே பாத்தான். அவ இவனப் பாக்கல, தொட்டிலத்தான் பாத்தா. பொறவு மெல்லச் சொன்னா, யாருக்கோ கேட்டுரக்கூடாதுங்குத மாதிரி. "அதுக்கு எலும்பு இருந்தாப் போதும். பாப்பாகிட்ட போவாது."

புள்ள பெத்த சில பொம்பளைங்களுக்கு மனசு தடம் மாறிப் போகும்னு அவன் போன்ல படிச்சிருக்கான். அன்னைக்குச் சாயங்காலம் மறுபடியும் படிச்சான். தூக்கமில்லாம இருக்கது, இல்லாத சத்தம் கேக்குதது, புள்ளைக்கு என்னமோ வரப்போகுதுன்னு பயப்படுதது. ஒவ்வொண்ணாப் படிக்கப் படிக்க ரெனி மூஞ்சிதான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் அவ அருவாமனையில காய் நறுக்குனாகூட இவன் கண்ணு அந்தக் கையிலதான் நின்னுச்சு.

மறுநாள் கத்தியப் பாக்கெட்டுல போட்டுக் கடைக்குக் கொண்டு போயிட்டான். சாயங்காலம் வந்து புள்ளையத் தூக்குனா, குதிங்கால்ல செவப்பா ஒரு தடம். அரை வட்டமா, புள்ளி புள்ளியா. அதுக்கு நேர் கீழ இன்னொரு அரை வட்டம்.

நகம். நகமாத்தான் இருக்கணும்.

இது என்னதுன்னு கேட்டான். அவ அழுதா. "நீங்க கத்தியக் கொண்டு போயிட்டீங்கள்லா," அது ஒண்ணுதான் சொன்னா. அவ அழ அழ அவ கையக் கையப் பாத்தான் டேவிட்சன். நகத்த ஒட்ட வெட்டியிருந்தா. எப்ப வெட்டுனா? இன்னைக்கா? எதுக்கு இன்னைக்கு வெட்டுனா?

அவன் முடிவு பண்ணிட்டான். ரெனிய ராயகிரியில அவ அம்மா வீட்டுல கொண்டு விட்டுரணும். புள்ளை இவன்கிட்டதான் இருக்கும். அவ கையில இனி தரக்கூடாது. அதுக்கு முன்னாடி இந்தக் கத்திய ஒழிக்கணும்.

சனிக்கிழம கரண்ட் இருக்காதுன்னு முன்னாடியே மெசேஜ் வந்திருந்துச்சு, மாசா மாசம் பண்ணுத பராமரிப்பு வேலை. காலையில பஸ் ஸ்டாண்டுக்கு ஆஷிக்க வரச்சொன்னான். கத்தியக் கைக்குக் கை குடுக்கக்கூடாதுன்னு ரெண்டு பேருக்கும் பழக்கம், இவன் பைக் சீட்டுல வச்சான், அவன் அங்கனருந்து எடுத்துக்கிட்டான். என்னலே திடீர்னு மனசு மாறிட்டன்னு கேட்டான். இவன் சும்மாதான்னான். வந்தது வந்தாச்சு, பிரியாணி சாப்புட்டுட்டுத்தான் ஊருக்குப் போறேன்னு ஆஷிக் கெளம்பிப் போனான்.

வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டும்போது கத்திய வித்துட்டேன்னு சொன்னான். ஆஷிக்குக்கு. நாளைக்கு நீ உங்கம்மா வீட்டுக்குக் கெளம்பணும், புள்ளை இங்கன இருக்கட்டும்.

ரெனி சத்தமே போடல. அதான் அவனுக்கு ஆகல. புள்ளைய விட்டுட்டுப் போன்னு சொல்லுதான், அவ அதக் காதுலயே வாங்கல. ஆஷிக் ஊருக்குப் போயிட்டானான்னு கேட்டா. இல்ல, பிரியாணி திங்கப் போயிருக்கான்னான். பிரியாணிக் கடையிலயான்னு கேட்டா. கேட்டுக்கிட்டே தொட்டிலுக்குப் போயி குனிஞ்சா, தூக்குததுக்குக் கைய நீட்டுனா. இவன் குறுக்க நின்னான்.

"புள்ளையத் தொடாத."

"சரி. தொடல. நீங்க தூக்கி வச்சுக்கோங்க. நான் வார வரைக்கும் தொட்டில்ல போட்டுராதீங்க, உங்க கால்ல விழுதேன்." சொல்லிட்டு செருப்புகூடப் போடாம மாடிப்படியில எறங்கி ஓடுனா.

ஒரு கத்திக்காகப் புள்ளைய விட்டுட்டு ஓடுதா. இதுக்கு மேல என்ன வேணும்? கதவச் சாத்தி, மேல் தாப்பாளையும் கீழ் தாப்பாளையும் போட்டான். செல்போனக் கதவுப் பக்கத்து டேபிள்ல வச்சான். புள்ளை தொட்டில்ல தூங்கிக்கிட்டுத்தான் இருந்தா. தூங்குத புள்ளைய எதுக்குத் தூக்கணும்?

அப்ப கரண்ட் போச்சு.

கீழ தறி ஒண்ணொண்ணா அடங்குச்சு. கடைசித் தறி ரெண்டு தடவை இழுத்து அடிச்சுட்டு நின்னுது. இந்த வீட்டுக்குக் குடிவந்த பொறவு பகல்ல இவ்வளவு அமைதிய அவன் கேட்டதே இல்ல, எப்பவும் கடையிலதான் இருப்பான். எங்கயோ தெருக்கடைசியில ஒரு சைக்கிள் பெல்லு, சொவர்ல பல்லி, தன்னோட மூச்சு, அப்புறம் கொக்கியில சேலை உரசுத சத்தம்.

தொட்டில் ஆடுது.

அவன் ஆட்டல.

கிர்ர். கிர்ர்.

கொக்கின்னு நெனச்சான். பக்கத்துல போனான். மேல இல்ல. உள்ளருந்து. காஞ்ச எலும்ப நாய் வச்சுக் கடிக்குத சத்தம், ஆனா சின்னது. ரொம்பச் சின்னது. அந்தப் பால் கெட்ட வாடை. சேலை எப்பவும் தொங்குதத விடக் கீழ எறங்கித் தொங்குது.

புள்ள வீல்னு கத்துச்சு.

கைய உள்ள விட்டுட்டான். யோசிக்கல. சேலை ரெண்டு பக்கமும் சேந்து மூடி உள்ள ஒரே இருட்டு. வலது கையில சூடா ஒரு வாய் வந்து பட்டுச்சு, புள்ள பாலுக்குத் தேடுத மாதிரியே. விரலச் சப்புச்சு. புள்ளையோட அழுகை நின்னுது.

அப்பாடான்னு இருந்துச்சு ஒரு நிமிஷம்.

மூணு மாசப் புள்ளைக்குப் பல்லு கெடையாதே.

மேல ஒரு வரிசை. கீழ ஒரு வரிசை. எறங்குச்சு. இவன் கத்திக்கிட்டே கைய வெளிய இழுத்தான். இழுத்த அந்தானைக்கு உள்ள புள்ள அலறுச்சு, அவ இதுவரைக்கும் அப்படி அலறுனதே இல்ல. திருப்பி உள்ள விட்டான். அலறல் அடங்குச்சு. கிர்ர். கிர்ர்.

எடது கைய விட்டான், புள்ளையத் தூக்கிரலாம்னு. ஒரு தலை கெடச்சுது. மெத்துனு, பூனைமுடி, உச்சிக்குழி துடிக்குது. தூக்கப் போனான். அதுக்குப் பக்கத்துல இன்னொரு தலை. அதுவும் மெத்துனு. அதுலயும் உச்சிக்குழி துடிக்குது.

எது?

ரெண்டும் சூடு. ரெண்டும் ஒரே அளவு. வாய் எந்தத் தலையோடதுன்னு தடவிப் பாக்க வலது கைய அசைச்சான். பல்லு விட்டுச்சு. ஒடனே புள்ள முனகுச்சு. அவன் பதறிப்போயி தானாவே விரலத் திருப்பி வாய்க்குள்ள குடுத்தான்.

தானாவே.

மாடிப்படியில தடதடன்னு ஓடிவாற சத்தம். கதவு.

"என்னங்க, வாங்கிட்டேன். கத்தி கையில இருக்கு. தெறங்க."

தொட்டிலோட சேத்து கதவுப் பக்கம் நகந்தான். சேலை இழுத்த மட்டும் வந்துச்சு, விறைச்சுது, நின்னுது. எடது கைய நீட்டுனான். தாப்பாள் அந்தா இருக்கு. எட்டல. கால நீட்டுனான். கீழ் தாப்பாள்கூட எட்டல.

"ரெனி." கதவப் பாத்துக் கத்துனான். "ரெனி, ஒடைச்சுரு. கதவ ஒடைச்சுரு."

"எங்க போட்டீங்க பாப்பாவ? தொட்டில்லயா? தொட்டில்லயா போட்டீங்க?"

அவ தோளால முட்டுதா. பழைய தேக்குக் கதவு. இவன்தான் வாடகைக்கு வரும்போது நல்ல கெட்டியான கதவுன்னு தட்டிப் பாத்துச் சந்தோஷப்பட்டான்.

கரண்ட் வேலை சீக்கிரமே முடிஞ்சிருச்சு போல. கீழ ஒரு தறி கடக்குன்னுச்சு. இன்னொண்ணு. பொறவு எல்லாம் ஒண்ணா. தரை அதிர ஆரம்பிச்சுது. ரெனி வாய் தெறந்து கத்துததும், இவன் வாய் தெறந்து கத்துததும், கடிக்குத சத்தமும், எதுவுமே கேக்கல. கதவு மட்டும் அசையுது. தறி அடிக்குத அடிக்குத் தகுந்த மாதிரி தொட்டில் ஆடுது. உள்ள ரெண்டு மூச்சு, ஒண்ணு நல்லாத் தூங்குத மூச்சு.

அவன் கைய எடுக்கல.

விரல் முடிஞ்சு, மணிக்கட்டுல புது வரிசை ஆரம்பிச்சுது.